கறுப்பு முக்காடும் மருதமுனைச் சாரனும்

போன வருஷம் நோன்புக்கு ஒரு மாசம் இருக்கும்போது மாமி மகன் கல்முனைக்குடியிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார். மருதமுனையில் இன்னும் தறியை விடாமல் வைத்திருக்கும் சிலரில் அவரும் ஒருவர். நான் கலியாணம் முடித்து இங்கு வந்து முப்பது வருஷம் தாண்டிவிட்டது. தறிச்சத்தம் கேட்காத ஊரில் இருக்கிறேனே என்று அவருக்கு என்மேல் எப்போதும் ஒரு இரக்கம் உண்டு.

"மச்சான், நீங்க எழுதுற ஆள்தானே. பெருநாளைக்கு நம்மட சாரனுக்கு ஒரு நோட்டீஸ் எழுதித் தாங்களன். கடைக்காரனுகள் எல்லாம் அடிச்சி விடுறானுகள். நாமதான் வாய் பொத்திக்கி இரிக்கம்."

பத்து நிமிஷத்தில் எழுதிக் கொடுத்தேன். தரமான, நேர்த்தியான, கண்கவர், நம்பிக்கைக்குரிய, மலிவு விலை, முந்துங்கள். விளம்பரத்துக்கு வேண்டிய சொல் ஒன்றுமே குறையவில்லை. அவர் இரண்டு முறை வாசித்துவிட்டு தாளை மடித்தார்.

"எல்லாம் சரி மச்சான். இதுல நம்மட சாரன் எங்க இரிக்கி? இத அப்படியே ஷாம்பூவுக்கும் போடலாம், சீமெந்துக்கும் போடலாம்."

நாற்பது வருஷமாகக் கட்டுரை எழுதுகிற எனக்கு இப்படி ஒரு விமர்சனம் கிடைத்ததில்லை. தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டு ஒரு கிழமை தவணை கேட்டேன். அந்தக் கிழமையில் தேடியதும் யோசித்ததும்தான் இந்தக் கட்டுரை. ஒரு பொருளை விற்பதற்கான சொல் நமது சமூகத்தில் எப்படி இருந்தது, எப்படி மாறியது, அதில் எது மிச்சம் என்பதுதான் விஷயம்.

பொட்டலம் அவிழ்க்கும் கலை

என் வாப்பாவும் நெசவுக்காரர்தான். நெய்வதோடு விற்கவும் போவார். சைக்கிளின் பின்னால் சாரன் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டு சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று போவது வழக்கம். வெள்ளாமை வெட்டுக் காலம்தான் அவருடைய காலம். மனிசர் கையில் சல்லி புழங்குவது அப்போதுதான். எழுபதுகளின் தொடக்கத்தில், பள்ளிக்கூட விடுமுறையில் நானும் சைக்கிளின் முன் கம்பியில் குந்திக்கொண்டு போயிருக்கிறேன்.

வாப்பா கூவி விற்றதை நான் பார்த்ததில்லை. ஒரு போடியார் வீட்டு முற்றத்தில் சைக்கிளை நிறுத்துவார். சலாம் சொல்லி, வட்டையில் விளைச்சல் எப்படி என்று விசாரிப்பார். பொட்டலத்தை உடனே அவிழ்க்க மாட்டார். வீட்டுக்காரர் தாமாகவே, "என்ன கொண்டந்திருக்கீங்க?" என்று கேட்க வேண்டும். அதற்குப் பிறகும் நல்ல சாரனை முதலில் எடுக்காமல், நடுத்தரமானதை எடுத்து விரிப்பார். ஒரு வெள்ளைத் துணியை நனைத்துத் தரச் சொல்லி, அதைச் சாரனின் மேல் அழுத்தித் தேய்ப்பார். தேய்த்த துணியை ஒன்றும் பேசாமல் வீட்டுக்காரர் கையிலே கொடுப்பார். வெள்ளை வெள்ளையாகவே இருக்கும்.

அதற்குப் பிறகு ஒரே ஒரு வசனம்: "சாயம் போனா அடுத்த வெட்டுக்கு வருவன், சல்லியத் திருப்பித் தாறன்."

சின்ன வயதில் இதை நான் ஒரு விற்பனைப் பேச்சாக நினைத்ததே இல்லை. இப்போது யோசித்தால் அதில் எல்லாமே இருக்கிறது. முதலில் கேட்பவரின் விஷயம், பிறகு அவருடைய ஆவல், பிறகு கண்ணுக்கு முன்னால் ஒரு அத்தாட்சி, கடைசியில் ஒரு வாக்குறுதி. அந்த வாக்குறுதிக்குப் பலம் கொடுத்தது "அடுத்த வெட்டுக்கு வருவன்" என்ற பகுதி. பாதிச் சாரன்கள் கடனுக்குப் போனவை. கடனை வாங்க அவர் திரும்பிப் போயே ஆக வேண்டும். பொய் சொல்லியிருந்தால் அந்த முற்றத்தில் மறுபடி கால் வைக்க முடியாது. பேசியவரும் திரும்பி வந்தவரும் ஒரே ஆள்.

ஊர்ப் பெயரே விளம்பரம்

நமது மூத்தவர்கள் நல்ல சாரனைப் 'பளையகாட்' என்பார்கள். அது ஒரு ஊரின் பெயர் என்று பலருக்குத் தெரியாது. சென்னைக்கு வடக்கே இருக்கும் பழவேற்காடுதான் அது. 1610ஆம் ஆண்டிலிருந்து ஒல்லாந்தர் அங்கே இருந்து சோழமண்டலக் கரையின் துணிகளைக் கீழைக் கடல்களுக்கு அனுப்பினார்கள். தமிழ் முஸ்லிம் வணிகர்களின் கப்பல்களும் அதே துணிகளோடு போயின. மலாய்க்காரர்கள் கட்டம் போட்ட சாரனை இன்றைக்கும் 'பெலிகாட்' துணி என்கிறார்கள். பழவேற்காட்டுத் துறைமுகம் மணல் மூடிக் கிடக்கிறது. ஆனால் அந்தப் பெயர் கோலாலம்பூரிலும் கல்முனையிலும் இடுப்பில் கட்டப்பட்டிருக்கிறது.

விளம்பரத்தின் மிகச் சிறிய வடிவம் இதுதான். எழுத வாசிக்கத் தெரியாதவரும் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்குவார். துணி மூட்டைகளில் ஒட்டிய படங்களும் அப்படித்தான் வந்தன. சங்கு, யானை, பிறை, நட்சத்திரம். படத்தைக் காட்டி வாங்கினால் போன முறை வாங்கியதே கிடைக்கும் என்ற நிச்சயம்.

'மருதமுனை' என்பதும் இலங்கையில் அப்படியொரு சொல்லானது. புலவர்மணி ஆ.மு. ஷரிபுத்தீன் பிறந்த ஊர் என்பதால் இலக்கியக்காரர்கள் அந்தப் பெயரைச் சொல்வார்கள். சாரனும் சாரியும் வாங்குகிறவர்கள் அதையே வேறு காரணத்துக்காகச் சொல்வார்கள். 1970 முதல் 1977 வரை இறக்குமதி இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்த வருஷங்களில் உள்ளூர் நெசவுக்கு நல்ல காலம். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் ஒரு குறுக்குத்தெருவால் நடந்தால் ஒரு தறியின் சத்தம் ஓய்வதற்குள் அடுத்த தறியின் சத்தம் கேட்கும். யாரும் நோட்டீஸ் அடித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. ஊரின் பெயரே போதுமாக இருந்தது.

மதீனாவின் கறுப்பு முக்காடுகள்

சொல்லால் துணி விற்ற கதைகளில் மிக அழகானது நமது அரபு இலக்கியத்தில்தான் இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டில் அபுல் ஃபரஜ் அல்இஸ்ஃபஹானி தொகுத்த கிதாபுல் அகானியில் அது பதிவாகியிருக்கிறது.

ஈராக்கிலிருந்து ஒரு வியாபாரி பெண்களுக்கான முக்காடுகளைக் கொண்டு மதீனாவுக்கு வருகிறார். எல்லா நிறமும் விற்றுப் போகிறது. கறுப்பு மட்டும் தேங்கி நிற்கிறது. அவர் தன் நண்பரான தாரிமி என்ற கவிஞரிடம் போய் முறையிடுகிறார். தாரிமி அப்போது கவிதையையும் பாட்டையும் விட்டுவிட்டுப் பள்ளிவாசலே கதியென்று வணக்கத்தில் இறங்கியிருந்த நேரம். இருந்தாலும் நண்பரின் கஷ்டத்தைப் பார்த்து, கவலைப்படாதே, எல்லாவற்றையும் விற்றுத் தருகிறேன் என்கிறார்.

அவர் எழுதிய கவிதையில் துணியின் தரம் இல்லை, விலை இல்லை, வியாபாரியின் பெயரும் இல்லை. கறுப்பு முக்காடு போட்ட ஒரு அழகியை நோக்கிய கேள்விதான் அது: தொழுகைக்குத் தயாராகியிருந்த ஒரு வணக்கசாலியைப் பள்ளிவாசல் வாசலில் வந்து நின்று நீ இப்படிக் கலங்கடித்துவிட்டாயே என்ற தொனியில். ஒருவர் அதைப் பாடினார், பாட்டு ஊரெங்கும் பரவியது. தாரிமி பழைய வழிக்குத் திரும்பிவிட்டாராம் என்று சனங்கள் பேசிக்கொண்டார்கள். மதீனாவில் கறுப்பு முக்காடு வாங்காத பெண்ணே இல்லை என்றானது. சரக்கு தீர்ந்ததும் தாரிமி தன் பள்ளிவாசலுக்கே திரும்பிப் போய்விட்டார். வியாபாரியின் கவலையும் தீர்ந்தது. அந்தப் பாட்டை அலெப்போவின் பாடகர் ஸபாஹ் ஃபக்ரி நமது காலம்வரை பாடிக்கொண்டிருந்தார்.

விளம்பரம் எழுதக் கற்றுக்கொடுப்பவர்கள் இந்தக் கதையை முதல் பாடமாக வைக்கலாம். தேங்கிய பொருளின் குறையாகத் தெரிந்த கறுப்பு நிறத்தையே தாரிமி அதன் சிறப்பாக்கினார். துணியைப் பற்றிப் பேசாமல், அதைப் போட்டவளுக்கு என்ன நடக்கும் என்பதைப் பேசினார். கேட்டவர் அடுத்தவருக்குச் சொல்லாமல் இருக்க முடியாத ஒரு செய்தியை உள்ளே வைத்தார்.

ஆனாலும் எனக்கு ஒரு இடத்தில் உறுத்துகிறது. துணியைப் பற்றி அவர் பொய் சொல்லவில்லை என்பது சரி. ஆனால் தன்னைப் பற்றி ஊர் ஒரு பொய்யை நம்பும்படி விட்டுவிட்டார். சந்தை அந்தப் பொய்யில்தான் சூடு பிடித்தது.

ஈரத் தானியம்

இந்த உறுத்தல் வரக் காரணம், நம்மிடம் சந்தைக்கென்று ஒரு ஒழுக்கம் மிகப் பழங்காலத்திலேயே வகுக்கப்பட்டிருப்பதுதான். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலைக் கடந்து போகையில் அதனுள் கையை விட்டார்கள். உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மழை பட்டுவிட்டது என்று வியாபாரி சொன்னபோது, சனங்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுகிறவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்ற கருத்தைச் சொன்னார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் வரும் சம்பவம் இது.

இதைக் கொஞ்சம் கவனித்துப் பார்க்க வேண்டும். அந்த வியாபாரி வாயால் பொய் ஒன்றும் சொன்னதாக இல்லை. காய்ந்ததை மேலேயும் ஈரத்தைக் கீழேயும் வைத்திருந்தார், அவ்வளவுதான். எதை முன்னால் காட்டுவது, எதைப் பின்னால் தள்ளுவது என்ற அடுக்குதல்தான் அங்கே குற்றம். விளம்பரம் எழுதுபவனின் வேலை முழுவதுமே இந்த அடுக்குதல்தான்.

சத்தியம் செய்து விற்பது சரக்கைத் தள்ளிவிடும், பரக்கத்தை அழித்துவிடும் என்ற கருத்திலும் ஹதீஸ் உண்டு. வாங்கும் எண்ணம் இல்லாமல் விலையைக் கூட்டிக் கேட்டு மற்றவரைத் தூண்டுவதற்கு 'நஜ்ஷ்' என்று பெயர் வைத்து அது தடுக்கப்பட்டது. இன்றைக்குக் கைத்தொலைபேசியில் "இன்னும் இரண்டே இரண்டுதான் மிச்சம்" என்று ஓடும் வரியையும், வாங்காத பொருளைப் புகழ்ந்து எழுதும் கூலிக் கருத்துகளையும் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சொல்தான் ஞாபகத்துக்கு வருகிறது. தாரிமி செய்தது எந்த வகையில் சேரும் என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆலிம் அல்ல. ஆனால் அவருடைய பாட்டை ரசிக்கிற மனசே அந்த ஈரத் தானியத்தையும் ஞாபகம் வைத்திருப்பது நல்லது என்று நினைக்கிறேன்.

வானொலிக் குரல்

நமது கரைக்குப் பெரிய மாற்றம் வானொலியால் வந்தது. 1950இல் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை தொடங்கியது. இந்தியாவில் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டுகளை ஒதுக்கி வைத்த 1952ஆம் ஆண்டிலிருந்து அந்த நாட்டு நேயர்களும் கொழும்பின் அலைவரிசைக்குத் திரும்பினார்கள். பாட்டுக்காக வந்தவர்களின் காதுக்கு நடுவில் விளம்பரம் கொடுக்கப்பட்டது. ஒரு பற்பசைக் கம்பனியின் அனுசரணையில் வந்த 'பினாக்கா கீத்மாலா'வை அமீன் ஸயானி பம்பாயில் பதிவு செய்ய, ஒலிநாடா கொழும்புக்கு வந்து ஒலிபரப்பாகும். அவருடைய எளிய மொழிக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. அவரது தாயார் குல்ஸூம் ஸயானி புதிதாக எழுத்துக் கற்ற பெரியவர்களுக்காக 'ரஹ்பர்' என்ற பத்திரிகை நடத்தினார். சாதாரண மனிசருக்கு விளங்குகிற பேச்சை மகன் பழகியது அங்கேதான்.

தமிழ்ச் சேவையிலும் அப்படித்தான். தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து கோபால் பற்பொடி விளம்பரத்தில் நாடுகளின் பெயர்கள் வரிசையாக வருவதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். எங்கள் ஊர்ப் பையன்கள் பூகோளம் படித்ததே அதில்தான் என்று பகிடி பண்ணுவோம். பி.எச். அப்துல் ஹமீத் அவர்களின் உச்சரிப்பைக் கேட்டு ழகரமும் ளகரமும் பழகியவர்கள் எத்தனை பேர்! நம்மில் ஒருவரின் குரல் தமிழ் கூறும் உலகம் முழுக்க ஒலிக்கிறது என்ற பெருமையும் அதில் இருந்தது.

ஆனால் விற்கும் சொல்லின் இயல்பு அங்கே மாறியது. நேரத்துக்குக் காசு என்பதால் சொல் சுருங்கியது. சுருங்கியது மனதில் பதிய வேண்டும் என்பதால் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. அதைவிட முக்கியமானது, சொல்கிற குரல் அடுத்த வெட்டுக்கு நம் முற்றத்துக்கு வரப் போவதில்லை. சாயம் போனால் யாரிடம் போய்ச் சொல்வது?

பெயர் மட்டும் மிஞ்சியது

1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. மலிவான இறக்குமதித் துணி வந்து குவிந்தது. தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. பிறகு யுத்தம் வந்தது. பொட்டலத்தோடு ஊர் ஊராகப் போக முடியாத வருஷங்கள் அவை. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. இலங்கையில் அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம்தான். பத்தாயிரத்துக்கும் மேல். மருதமுனையில் கடலோரத்து வீடுகளோடு தறிகளும் போயின.

இவ்வளவுக்குப் பிறகும் 'மருதமுனை' என்ற சொல்லுக்குச் சந்தையில் மதிப்பு இருக்கிறது. அந்த மதிப்பைத்தான் இப்போது மற்றவர்கள் உடுத்துகிறார்கள். சில வருஷத்துக்கு முன்னர் வெளியூர்க் கடை ஒன்றில் 'அசல் மருதமுனைக் கைத்தறி' என்று பெரிதாக எழுதி வைத்த சாரனைக் கையில் எடுத்தேன். ஓரத்தைத் தடவினேன். கைத்தறியில் நெய்யும்போது துணி அகலத்தில் சுருங்காமல் இழுத்துப் பிடிக்க ஊசி முனை வைத்த ஒரு குச்சி உண்டு. அதன் சின்னத் துளைகள் ஓரத்தில் வரிசையாக இருக்கும். அங்கே ஒரு துளைகூட இல்லை. விசைத்தறித் துணி. நான் மருதமுனைக்காரன் என்றேன். கடைப்பையன் சிரித்தான்.

"ஊர்ப் பேர் போட்டாத்தான் நானா போகுது."

அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவன் சொன்னது உண்மைதான். மூன்று தலைமுறை ஆட்கள் சாயம் போகாத துணியால் சேர்த்து வைத்த நம்பிக்கையை அந்த ஒரு அட்டை செலவழித்துக்கொண்டிருந்தது. சொல்லுக்குப் பின்னால் துணி இல்லாமல் போனால் கொஞ்சக் காலம் சொல் மட்டும் ஓடும். பிறகு சொல்லும் செத்துவிடும். அப்போது உண்மையாக நெய்கிறவனும் தன் ஊர்ப் பெயரைச் சொல்லி விற்க முடியாது.

நோட்டீஸ்

விளம்பர எழுத்தின் ஆசான்கள் என்று மேற்கில் சொல்லப்படுகிறவர்களின் எழுத்துகளையும் அந்தக் கிழமையில் பார்த்தேன். அமெரிக்காவின் கிளாட் ஹொப்கின்ஸ் 1923இல் எழுதிய நூலில் வற்புறுத்தும் சங்கதி ஒன்றே: பொதுவான புகழ்ச்சியை யாரும் நம்புவதில்லை, குறிப்பான விபரத்தை நம்புவார்கள். டேவிட் ஒகில்வி ஸ்கொட்லாந்தில் வீடு வீடாகப் போய் அடுப்பு விற்றவர். 1935இல் மற்ற விற்பனையாளர்களுக்காக ஒரு கைநூல் எழுதினார். உலகத்தின் பெரிய விளம்பரக் கம்பனிகளில் ஒன்றை நடத்தியது அதற்குப் பிறகுதான். வாசித்து முடித்ததும் சிரிப்பு வந்தது. இவர்கள் இருவரும் என் வாப்பாவின் சைக்கிளுக்குப் பின்னால்தான் வந்துகொண்டிருந்தார்கள்.

மருதமுனைக்குப் போய் மச்சானின் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினேன். 'ஒரு சாரன் நெய்ய ஒரு நாள்' என்று எழுதியதை அவர் உடனே வெட்டினார். "இல்ல மச்சான். சாயம் போடுற, பாவு ஓட்டுற எல்லாம் வேற. தறியில அரை நாள்தான். உள்ளதப் போடுங்க." முதல் கழுவையில் சுருங்கும் என்று நான் எழுதியபோது மட்டும் அவர் முகம் மாறியது. அதை ஏன் நாமாகவே சொல்ல வேணும் என்றார். உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த மாமி தலையை நீட்டி, "போடு மனெ. வாங்கிட்டுப் போய் கழுவிப் பார்த்து ஏசுறத விட, வாங்க முந்தி தெரிஞ்சிக்கிட்டா நல்லம்" என்றார். ஈரத்தை மேலே வைத்தாயிற்று.

கடைசியில் அச்சானது இது:

"மருதமுனைக் கைத்தறிச் சாரன். எங்கள் வீட்டு முற்றத்துத் தறியில் நெய்தது. பருத்தி நூல். இரண்டு பக்கமும் ஒரே நிறம். தறியில் மட்டும் ஒரு சாரனுக்கு அரை நாள் வேலை. முதல் கழுவையில் கொஞ்சம் சுருங்கும். அதற்காக நீளம் கூட்டி நெய்திருக்கிறோம். ஓரத்தைத் தடவிப் பாருங்கள், ஊசித் துளை தெரியும். சாயம் போனால் கொண்டு வாருங்கள், சல்லியைத் திருப்பித் தருவோம். தறியைப் பார்க்க விருப்பமானால் வீட்டுக்கு வாருங்கள்."

தாரிமியின் பாட்டைப் போல ஊர் அல்லோலகல்லோலப்பட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. பெருநாளைக்குள் பாதிச் சரக்குப் போனது. மீதி ஹஜ்ஜுப் பெருநாள் வரை கிடந்து போனது. ஆனால் தறியைப் பார்க்கவென்றே சிலர் வந்தார்கள். அக்கரைப்பற்றிலிருந்து வந்த ஒரு வயசாளி சாரனின் ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஒங்கட ஊர்லருந்து முந்தி ஒரு ஆள் சைக்கிள்ள வருவாரே" என்று கேட்டாராம். மச்சான் அதைச் சொல்லும்போது எனக்குப் பேச்சு வரவில்லை.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். உங்கள் வீட்டுப் பரணில், பழைய குர்ஆன் உறைக்குள், கணக்குக் கொப்பிகளுக்கு நடுவில் பழைய துணிக்கடை நோட்டீஸ், சாரன் மூட்டைப் படம், பற்றுச்சீட்டு ஏதாவது கிடக்கலாம். குப்பையென்று எரித்துவிடாதீர்கள். கல்முனையிலிருந்து பொத்துவில் வரை நமது வியாபாரிகள் என்ன சொல்லி விற்றார்கள் என்பது நமது சரித்திரத்தின் ஒரு பகுதி. கரைவலைக்காரரும் நெசவுக்காரரும் நெல் வியாபாரியும் கடனுக்கு எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டில் இருக்கும் தமிழ் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவற்றைப் பிரதி எடுத்து இந்தச் சஞ்சிகைக்கு அனுப்புங்கள். அதோடு, சாரன் பொட்டலம் சுமந்து போன மூத்தவர்கள் இன்னும் உங்கள் ஊரில் இருந்தால், அவர்கள் முற்றத்தில் நின்று என்ன சொல்வார்கள் என்பதைக் கேட்டுப் பதிவு செய்யுங்கள். அடுத்த வெட்டுக்கு அவர்கள் இருப்பார்களோ தெரியாது.